மேல்வீட்டுக் கரண்ட் பில்

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களுக்கு நடுவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது: கடதாசி தெரிந்த மனுசி. யாருடைய வதிவிட அனுமதி முடியப்போனாலும், யாருக்குக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் இருந்து கடிதம் வந்தாலும், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் என்னைத்தான் மறிப்பார்கள். நான் கடிதத்தைக் கை நீட்டித் தூரப் பிடித்து, புருவத்தைச் சுருக்கி, சத்தமில்லாமல் வாசித்துவிட்டு, "பயப்பிட ஒண்டுமில்லை" என்பேன். பல நேரம் கடிதத்தில் பாதிதான் எனக்கு விளங்கியிருக்கும். மற்றவர்களுக்கு அந்தப் பாதியும் விளங்காது என்பதால், நான் முழுதும் விளங்கியவள் ஆனேன்.

அப்போது நாங்கள் அல்பெர்கேரியாவில், பல்லாரோ சந்தைக்குப் பின்னால் ஒடுங்கிப் போகிற சந்து ஒன்றில், பழைய கட்டடத்தின் முதலாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். நான், என் கணவர், பள்ளிக்கூடம் போகிற மகள். எனக்கு ஒரு வீட்டில் சமையலும் துப்புரவும். கணவருக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக் கடை ஒன்றின் குசினியில் வேலை. என் சம்பளம் வங்கிக்கு வரும், அவருடையது கையில் வரும். ஆகவே வங்கிக் கணக்கு, கரண்ட் ஒப்பந்தம், கடதாசிகள் எல்லாம் என் பெயரில் இருந்தன. சந்தேகப்படுகிற வேலை மட்டும் அவருடையது.

எங்களுக்கு மேலே, இரண்டாம் மாடியில், எழுபதைத் தாண்டிய இத்தாலிய அம்மா ஒருவர் தனியாக இருந்தார். நாங்கள் சிஞ்ஞோரா என்றே சொல்வோம். புருசன் செத்துச் சில வருசம். படிக்கட்டில் கண்டால் தலையை ஆட்டுவார். நாங்கள் கருவாடு பொரித்தால் யன்னலைப் படாரென்று சாத்துவார். எங்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான். அந்தக் கட்டடத்தில் தபால் பெட்டிகள் எப்போதோ உடைந்துவிட்டதால், தபால்காரர் எல்லோருடைய கடிதங்களையும் கீழ்வாசலில் இருந்த சலவைக்கல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவார். அதற்கு நேர் மேலே சுவரில் இரண்டு கரண்ட் மீற்றர்கள், பக்கத்தில் பக்கத்தில், ஒரே வெள்ளைப் பெட்டி மாதிரி. ஒன்று எங்களுடையது, மற்றது சிஞ்ஞோராவுடையது.

கரண்ட் பில் கட்டுவதில் எனக்கும் கணவருக்கும் பழைய வழக்கு ஒன்று இருந்தது. அவருக்குக் காசு என்றால் கையால் எடுத்துக் கையால் கொடுத்து, முத்திரை குத்திய துண்டை வாங்கி மடித்து வைக்கவேண்டும். நான் இதை நாகரிகமில்லாத வேலை என்று நினைத்தேன். வங்கிக்குப் போய், பில் வந்ததும் கம்பனியே என் கணக்கில் இருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்து வைத்தேன். இத்தாலியனில் இதற்கு தொமிச்சிலியாத்சியோனே என்று பெயர். பில்லை வங்கியில் குடியமர்த்துவது என்று சொல்லலாம். எனக்கு இந்த நகரத்தில் வதிவிடப் பதிவு கிடைக்க எத்தனையோ மாதம் எத்தனையோ வாசலில் நின்றிருக்கிறேன். கரண்ட் பில்லுக்கு ஒரே கையெழுத்தில் குடியிருப்புக் கிடைத்தது.

"எங்கடை வீட்டுத் திறப்பைக் கள்ளனிட்டைக் குடுத்துப்போட்டு, தேவையானதை மட்டும் எடுமோனே எண்டு சொல்லுறமாதிரி இருக்கு," என்றார் கணவர்.

"உங்களுக்கு இது விளங்காது," என்றேன். அந்தக் காலத்தில் நான் அதிகம் பாவித்த வசனம் அது.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுப்பகுதி. கரண்ட் விற்கிறவர்கள் ஊர் முழுக்கத் திரிந்தார்கள். பழைய கம்பனியை விட்டு விரும்பிய கம்பனிக்கு மாறலாம், சுதந்திரச் சந்தை வந்துவிட்டது என்று கதவு தட்டினார்கள், தொலைபேசி எடுத்தார்கள். ஒரு மாசி மாதக் காலையில், பல்லாரோவில் கூனைப்பூ விற்கிறவனுக்கும் ஒலிவ் விற்கிறவனுக்கும் நடுவில் ஒரு குடையும் மேசையும் முளைத்திருந்தன. மேசைக்குப் பின்னால் நகத்துக்குச் சிவப்புப் பூசிய ஒரு பெண். புதுக் கம்பனி, குறைந்த விலை, வங்கியால் கட்டினால் இன்னும் ஒரு கழிவு, பில்லை மின்னஞ்சலில் பெற்றால் அதற்கும் ஒரு கழிவு. என்னுடைய கெட்டித்தனத்துக்குச் சரியான மேசை.

பழைய பில் ஒன்று வேண்டும் என்றாள். ஓடிப்போனேன். கீழ்வாசலில், சலவைக்கல்லில், அன்றைக்குத்தான் வந்த கரண்ட் கம்பனிக் கடித உறை கிடந்தது. படியேறத் தேவையில்லாமல் போயிற்று என்று சந்தோசப்பட்டு அதை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

அந்தப் பெண் உறையைக் கிழித்து, பில்லைப் பார்த்து எழுதத் தொடங்கினாள். மீற்றருக்கென்று ஒரு நீளமான இலக்கம் இருக்கிறது, நாட்டின் இரண்டு எழுத்தில் தொடங்கும். அதை எழுதினாள். என் அடையாள அட்டையைப் பார்த்து என் பெயரை எழுதினாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள். இத்தாலியனில் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன்.

"புது வீடோ, சிஞ்ஞோரா?"

நாங்கள் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருசம்கூட ஆகவில்லை. "ஓம், ஓம், புதுசுதான்," என்றேன்.

அவள் ஒரு சின்னப் பெட்டிக்குள் புள்ளடி போட்டாள். நான் அந்த நேரம் வங்கிக் கணக்கு இலக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தரமல்ல, மூன்று தரம், விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டு. காசு எடுக்கிற இலக்கம் பிழைக்கக்கூடாது அல்லவா? அது பிழைக்கவே இல்லை. பில்லின் தலையில் யாருடைய பெயர் இருந்தது என்று மட்டும் நான் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம், மாற்றம் நடந்து முடிந்தது, நல்வரவு என்று புதுக் கம்பனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நான் நேரே வங்கிக்குப் போனேன். பழைய கம்பனிக்கு எழுதிக் கொடுத்த அனுமதியை நிறுத்தவேண்டும் என்றேன்.

வங்கியில் கண்ணாடி போட்ட அந்த அலுவலர் என்னை ஒருக்கால் பார்த்தார். "பழைய கம்பனியின்ரை கடைசி பில் வந்து கழிஞ்சுதோ?"

"கழியும்."

"அவையள் ஒப்பந்தம் முடிஞ்சதெண்டு எழுதித் தந்தவையோ? இஞ்சை நாங்கள் நிப்பாட்டுறது காசு எடுக்கிறதை மட்டும்தான். ஒப்பந்தத்தை இல்லை. நிச்சயமோ, சிஞ்ஞோரா?"

எத்தனை பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவளிடம் இப்படி ஒரு கேள்வி. "நிச்சயம்," என்றேன். அவர் தோளைக் குலுக்கி, தாளைத் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போட்டேன். இந்தக் கதையில் சரியானதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவர் வேலையை அவர் செய்தார், பிறகு மதிய இடைவேளைக்குப் போனார்.

அந்தச் சித்திரையில் கோயில் முற்றத்தில் நான் வகுப்பே எடுத்தேன். எப்படிக் கம்பனி மாறுவது, எப்படி வங்கியில் எழுதிக் கொடுப்பது, பழைய கம்பனியை எப்படிக் கழற்றி விடுவது. இரண்டு மூன்று குடும்பங்கள் என் சொல் கேட்டு மாறின. அவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர்கள் தங்கள் சொந்த பில்லைக் கொண்டுபோயிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு விசயம் நடந்தது. முதலாவது, பழைய கம்பனியிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு பதிவுத் தபால் ஒன்று. அவற்றை நான் உடைக்கவே இல்லை. "விட்டிட்டுப் போன பெண்சாதிக்கு எழுதுறமாதிரி எழுதிக்கொண்டிருக்கிறாங்கள்," என்று சொல்லிச் சிரித்து, குசினி லாச்சிக்குள் போட்டேன்.

இரண்டாவது, புதுக் கம்பனி என் கணக்கில் இருந்து எடுத்த தொகை எடுப்புக்கு எடுப்புப் பெருத்தது. குறைந்த விலைக் கம்பனி. நான் முதலில் கணவரின் காற்றாடியைச் சந்தேகித்தேன். பிறகு மகளின் தலைமயிர் காய வைக்கிற கருவியை. பிறகு அயன்பொக்சை. ஆனியில் வீட்டில் ஊரடங்குச் சட்டம் போட்டேன். ஒரு அறையில் ஆள் இருந்தால் மற்ற அறையில் விளக்கு எரியக்கூடாது. வியர்த்தாலும் காற்றாடி சாப்பிடுகிற நேரம் மட்டும். மகள் இத்தாலியனும் தமிழும் கலந்து என்னைத் திட்டினாள். நாங்கள் குறைக்கக் குறைக்க அது கூடியது.

"கரண்ட் எங்கையோ ஒழுகுதோ தெரியாது," என்றார் கணவர்.

"கரண்ட் ஒழுகாது," என்றேன். "உங்களுக்கு இது விளங்காது."

ஆவணியில் எங்கள் ஆட்கள் மாதா திருவிழாவைக் கொண்டாடுவார்கள். பூசைக்குப் பிறகு சாப்பாடு. அந்த வருசம் இருநூறு உழுந்து வடை என் பொறுப்பு. திருவிழாவுக்கு முதல் நாள் சனிக்கிழமை காலை, ஊறிய உழுந்தை வடித்துக் கிறைண்டரில் போட்டுத் திருகினேன். ஒரு உறுமல். பட். வீடு முழுக்க அடங்கிப்போனது.

கணவர் கீழே போய் மீற்றரின் கொக்கியை மேலே தள்ளிவிட்டு வந்தார். திருகினேன். பட். திரும்பப் போனார். இந்த முறை கிறைண்டரைத் தொடவே இல்லை, ஃபிரிட்ஜ் தானாக உதறி எழும்பியது, பட். ஐந்தாவது தரம் அவர் படியேறி வந்தபோது வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு பல்ப் எரிய விடுறான். ரெண்டாவது பொருளை விடுறானில்லை."

காசு கட்டாதவர்களுக்கு இந்த நாட்டில் கரண்டை ஒரேயடியாக வெட்ட மாட்டார்கள். முதலில் நூல் மாதிரி மெல்லிசாக்கி விடுவார்கள், வெளிச்சம் இருக்கும், வேறொன்றும் ஓடாது. பிறகுதான் வெட்டு. இது எனக்குத் தெரியும். வேறு ஆட்களுக்கு நானே விளக்கியிருக்கிறேன். ஆனால் நான் மாதாமாதம் வங்கியால் கட்டுகிறவள் ஆயிற்றே. மீற்றர் பழுது என்று தீர்மானித்தேன்.

உழுந்து புளித்துவிடும். வேறு வழியில்லாமல், சட்டியைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். கணவர் கிறைண்டரோடு பின்னால் நின்றார்.

கதவு திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. முன்னெல்லாம் பொழுதுபட்டும் விளக்குப் போடாமல், சந்து விளக்கின் வெளிச்சத்தில் யன்னலோரம் இருக்கிற மனுசி அவர். இப்போது பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்தது. கூடத்தில் புத்தம்புது ஏசி. அறைக்குள் இன்னொன்று. தொலைக்காட்சி ஒன்றில் சமையல், வானொலி ஒன்றில் பாட்டு. நடுவில் சிஞ்ஞோரா, ஆவணி மாதத்தில், தோளில் கம்பளிச் சால்வையோடு நின்றார்.

நான் விசயத்தைச் சொன்னேன். கருவாட்டு வாசத்துக்கு யன்னல் சாத்துகிற மனுசி, இரண்டு கையையும் விரித்து, "வாங்கோ, வாங்கோ! அரையுங்கோ! எவ்வளவு வேணுமெண்டாலும் அரையுங்கோ. இஞ்சை கரண்டுக்குக் குறைச்சலில்லை!" என்றார்.

அரைத்தேன். அரைபட்ட உழுந்தில் விரலை விட்டுப் பார்த்து, தயிரா என்று கேட்டார். எங்கள் மாதாவுக்குத் திருவிழா என்றதும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த புருசனின் படத்தைக் காட்டிக் குரலைத் தணித்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேயுங்கோ. பங்குனியிலை இருந்து எனக்குக் கரண்ட் பில் வாறேல்லை. கடைசியா வந்த கடிதத்திலை கம்பனி எனக்குக் காசு திருப்பித் தந்தது. எனக்கு! கம்பனி!" படத்தைத் திரும்பப் பார்த்தார். "உயிரோடை இருக்கேக்கை ஒரு பில் கட்டாத மனுசன். நாற்பது வருசம் நான்தான் தபால் கந்தோரிலை வரிசையிலை நிண்டனான். சாகிறதுக்கு முதல் கையைப் பிடிச்சுச் சொன்னவர், அங்கை போய் எல்லாத்துக்கும் சேர்த்துப் பாக்கிறன் எண்டு. பாருங்கோ, பாக்கிறார்."

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. அரைத்து முடித்து நன்றி சொல்லிக் கீழே வந்தேன். இத்தனையையும் கேட்டபிறகும் கடதாசி தெரிந்த மனுசிக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

கணவருக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளி உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"அவவுக்கு எப்ப தொடக்கம் பில் வாறேல்லை?"

"பங்குனியாம்."

"நீர் எப்ப கம்பனி மாத்தினனீர்?"

"மாசியிலை எழுதினது. பங்குனியிலை மாறினது."

அவர் கையைக் கழுவி, ஒப்பந்தக் கடதாசியைத் தரச் சொன்னார். அவருக்கு இத்தாலியனில் ஒரு வசனம் ஒழுங்காக வாசிக்க வராது. கடதாசியை எடுத்துக்கொண்டு கீழே போனார். மீற்றரின் பொத்தானை அமத்தினால் சின்னத் திரையில் இலக்கம் வரும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தவர் கடதாசியை மேசையில் வைத்து, விரலால் தட்டினார்.

"இது எங்கடை மீற்றர் இல்லை. பக்கத்து மீற்றர். எங்கடை கடையிலை இப்பிடி நடக்கும். ஓடர் மற்ற மேசைக்குப் போயிடும். அந்த மேசை ஆக்கள் பேசாமல் சாப்பிட்டிட்டுப் போவினம்."

லாச்சியைத் திறந்து, பழைய கம்பனியின் கடிதங்களை உடைத்தேன். அவற்றில் பயப்பட நிறைய இருந்தது. முதல் கடிதம் மரியாதையாக, உங்கள் வங்கி எங்கள் பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டது என்றது. அடுத்தது நினைவூட்டியது. அதற்கடுத்தது எச்சரித்தது. கடைசியாக வந்தது, கரண்டைக் குறைக்கப்போகிற நாளைச் சொன்னது. நேற்று. எங்கள் வீடு பழைய கம்பனியை விட்டு ஒரு நாளும் போகவில்லை. நான் காசு கொடுக்கிற வழியை மட்டும் அடைத்துவிட்டு, வீட்டை மாற்றிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். நான் உண்மையில் மாற்றியது சிஞ்ஞோராவின் வீட்டை. புது வீடோ என்று அந்தப் பெண் கேட்டது, வேறு ஆள் பெயரில் இருந்த வீட்டுக்கு நீ புதிதாய் வந்திருக்கிறாயோ என்று. ஓம், ஓம் என்று நான் சொன்னதும் அந்த மீற்றர் என் பெயருக்கு வந்துவிட்டது. சிஞ்ஞோராவின் இரண்டு ஏசியும் தொலைக்காட்சியும் என் வங்கிக் கணக்கில் குடியிருந்தன. அதற்காக நான் என் பிள்ளையின் தலைமயிரை ஈரமாக வைத்திருந்தேன்.

திருவிழாவில் வடை நல்லாயிருக்கிறது என்றார்கள். எனக்கு ஒரு வடையும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை மேலே போய், கடதாசிகளை மேசையில் பரப்பி, எனக்குத் தெரிந்த அத்தனை இத்தாலியனிலும் சிஞ்ஞோராவுக்கு விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். என் பெயரும் அவர் மீற்றர் இலக்கமும் ஒரே தாளில் இருப்பதைக் கண்டார். எழும்பி, பால்கனிக் கதவைத் திறந்து, சந்து முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார்.

"வந்து பாருங்கோ! வெளிநாட்டுக்காரி என்ரை வீட்டைத் தன்ரை பேரிலை எழுதிப்போட்டாள்! கிழவி செத்திடுவாள் எண்டு பாத்துக்கொண்டிருந்திருக்கிறாள்!"

இறைச்சிக் கடைக்காரன் கத்தியோடு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தான். எதிர்வீட்டு யன்னல்கள் திறந்தன. நான் படியிறங்கி ஓடினேன். உண்மையாகப் பயந்தேன். இவர் பொலிசுக்குப் போனால் என்ன ஆகும்? என் வதிவிட அனுமதி புதுப்பிக்கிற நேரம் கிட்ட வந்துகொண்டிருந்தது. தன் பெயரில் இன்னொருத்தியின் மீற்றரை எழுதிய வெளிநாட்டுக்காரிக்கு, பில்லில் பெயரைப் பார்க்க மறந்துபோனேன் என்ற சாட்டு எந்தக் கந்தோரில் செல்லும்? இரண்டு நாள் சந்தையில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. தக்காளிக்காரன் மிச்சக் காசை மேசையில் வைத்தான், கையில் தரவில்லை.

மூன்றாம் நாள் கணவர் வேலைக்குப் போக முதல் தனியாக மேலே ஏறினார். என்ன பேசினார் என்று பிறகுதான் கேட்டறிந்தேன். அவருக்குத் தெரிந்த இத்தாலியன் குசினி இத்தாலியன். "வாங்கோ. கீழை. பாருங்கோ" என்ற மூன்று சொல்லும் ஒரு கும்பிடும். சிஞ்ஞோரா என்ன நினைத்தாரோ, வந்தார். நானும் கதவைத் திறந்துகொண்டு படியில் நின்றேன்.

கணவர் ஒப்பந்தத்தை அவர் கையில் கொடுத்தார். ஒரு மீற்றரின் பொத்தானை அமத்தி, திரையில் வந்த இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சிஞ்ஞோராவின் விரலைப் பிடித்துக் கடதாசியில் தொட வைத்தார். பிறகு அந்த மீற்றரின் கொக்கியைக் கீழே இழுத்தார். மேல்மாடியில் வானொலி நின்றது. எங்கள் வீட்டு ஒற்றை பல்ப் எரிந்தபடி இருந்தது.

சிஞ்ஞோரா மேலே பார்த்தார், கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெல்ல முதல் படியில் உட்கார்ந்தார்.

"அப்ப அவர் இல்லையோ?"

நான் படியிறங்கிக் கிட்டப் போனேன்.

"அவர் இல்லை," என்று தனக்குத்தானே சொன்னார். "நீங்கள்."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட செய்திக் கடிதம் வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒரு மனுசியின் புருசனை இரண்டாம் தரம் சாகடித்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். அவர் கையை எடுக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒவ்வொரு நாளும் லைற்றை நூக்கச் சொல்லி நீங்கள் கத்த, பிள்ளை இத்தாலியனிலை திருப்பிக் கத்தும். மேலை எனக்குக் கேக்கும். சரியான கஞ்ச ஆக்கள் எண்டு நினைச்சன்."

அன்று பின்னேரமே பால்கனியில் நின்று, நான் அவருடைய பில்லைக் கட்டி வந்த கதையை அதே சத்தத்தில் சந்துக்குச் சொன்னார். இறைச்சிக் கடைக்காரன் என்னைக் கண்டு தலையைச் சாய்த்தான். கள்ளி என்றபோது இருந்ததைவிட முட்டாள் என்றபோது மரியாதை கூடியிருந்தது.

ஒரேத்தோ வீதியில் பாவனையாளர்களுக்கு உதவி செய்கிற சின்னக் கந்தோர் ஒன்று இருந்தது. வேறு ஆட்களுக்கு மொழிபெயர்க்க அடிக்கடி போன இடம். அங்கே வேலை செய்கிற அம்மா என்னைக் கண்டதும் சிரித்து, "இண்டைக்கு ஆருக்காக வந்தனீங்கள்?" என்றார். எனக்காக என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் மிகப் பொறுமையாக எழுதிக் கொடுத்தார். சிஞ்ஞோராவின் மீற்றரை அவர் பெயருக்குத் திருப்பவேண்டும். பழைய கம்பனிக்கு எங்கள் நிலுவையைத் தவணையில் கட்ட அனுமதி கேட்கவேண்டும், முதல் தவணை போனதும் கரண்ட் முழுதாக வரும். எழுதிக்கொண்டே ஒரு வகுப்பும் எடுத்தார். வங்கியில் கொடுக்கிறது அனுமதி மட்டும். அதை ஒவ்வொரு கம்பனிக்கும் தனித்தனியாகக் கொடுக்கவேண்டும். கம்பனி மாறினால் பழைய அனுமதி கடைசி பில் கழியும்வரைக்கும் இருக்கட்டும். அனுமதியை நிறுத்தினால் கடன் நிற்காது, காசு போகிற பாதைதான் நிற்கும். நான் ஒரு மாணவி மாதிரிக் கொப்பியில் எழுதினேன். சித்திரையில் கோயில் முற்றத்தில் இதையெல்லாம் நானே சொல்லிக் கொடுத்திருந்தேன், கடைசி இரண்டைத் தவிர.

நான் கட்டிய தொகையைச் சிஞ்ஞோரா திருப்பித் தருவதாகச் சொன்னார், கொஞ்சம் கொஞ்சமாகத் தந்தும் முடித்தார். ஒரே ஒரு நிபந்தனை: உழுந்து அரைத்த கரண்டைக் கழிக்கவேண்டும். கழித்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள் கதவைத் தட்டி உள்ளே வந்து, குசினிக் கதிரையில் உட்கார்ந்தார். திரும்ப பில் வரத் தொடங்கியிருந்தது. கையில் உறை.

"ஒண்டு கேக்கவேணும். அந்த ஆறு மாசமும் நான் ஒரு பில்லும் காணேல்லை. என்ரை சீவியத்திலை அப்பிடி நிம்மதியா ஒரு நாளும் இருக்கேல்லை. பில்லைக் காணாமல் கட்டுறதுக்கு ஏதும் வழி இருக்கோ?"

"அதுக்குப் பேர்தான் தொமிச்சிலியாத்சியோனே, சிஞ்ஞோரா," என்றேன்.

அவருடைய ஓய்வூதியம் விழுகிற கணக்கு தபால் கந்தோரில் இருந்தது. காதில் தோடு, உதட்டில் சாயம், கறுப்புக் கைப்பையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், சட்டம் சொல்வதை ஒரே மூச்சில் சொன்னாள்: கம்பனி கேட்கும், நாங்கள் கொடுப்போம், பிழையென்று கண்டால் எட்டுக் கிழமைக்குள் திருப்பிக் கேட்கலாம்.

"நான் செத்தால்?" என்று கேட்டார் சிஞ்ஞோரா.

"கணக்கை மூடுவம். பிறகு ஒருத்தரும் எடுக்கமாட்டினம்."

"கம்பனி கேட்டாலும்?"

"கேட்டாலும்."

சிஞ்ஞோராவுக்கு அது நல்ல ஒழுங்காகப் பட்டது. கையெழுத்துப் போட்டார். அவர் ஏசி இரண்டில் ஒன்றை விற்றுவிட்டார். மற்றதை, என் மகளுக்குப் பள்ளிச் சோதனை வந்தால் மேலே வந்து படிக்கலாம் என்று சொல்லி வைத்திருந்தார்.

நான் என் வங்கிக்குப் போய், பழைய கம்பனிக்கே திரும்பவும் அனுமதி எழுதிக் கொடுத்தேன். அதே கண்ணாடிக்காரர். என்னை அடையாளம் கண்டாரோ தெரியாது. நிச்சயமோ என்று கேட்காமல் தாளை நீட்டினார். அது எனக்குக் கொஞ்சம் மனவருத்தமாக இருந்தது.

கதையைக் கோயிலில் நான் யாருக்கும் சொல்லவில்லை. கணவர் எல்லோருக்கும் சொன்னார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, வவுனியாப் பக்கத்துக் குடும்பம் ஒன்று கரண்ட் பில்லோடு நின்றது. நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன். அவர்கள் என்னைத் தாண்டிப் போய் அதை என் கணவரிடம் கொடுத்தார்கள். அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு திருப்பி, இலக்கத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்து, கைத்தொலைபேசியில் அவர்கள் எடுத்து வந்த மீற்றர்ப் படத்தோடு ஒத்துப் பார்த்தார். "சரி," என்றார். அவ்வளவுதான். அவர்கள் மிகவும் திருப்தியாகப் போனார்கள்.